பேதி துரை கேட்ட வாக்கு

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் நோய் நொடியை அடியோடு ஒழித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பேதி துரை. மருந்து கொடுத்து ஒழித்தார் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் வந்த பிறகு தனக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே சொல்ல எவனுக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். குளிர்காய்ச்சலில் பல் கிடுகிடுக்கிறவன்கூட, "ஒண்ணும் இல்லபா, சும்மா தாளம் போட்டுகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனான். சாகக் கிடந்த கிழவர் ஒருவர், துரை தெருமுனையில் வருகிறார் என்று கேட்டதும் பாயிலிருந்து எழுந்து ஏரியில் குதித்து, எதிர்க்கரையிலுள்ள பசியாவரத்துக்கு நீந்தியே போய்விட்டார். இன்றைக்கும் அங்கே சௌக்கியமாக இருக்கிறார்.

துரைக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை. அவருடைய மருந்து எல்லார் வாயிலும் நுழைந்தது. ஆகையால் மருந்தின் பெயரே அவருக்கும் ஆயிற்று. தலைவலி என்றாலும் பேதிக்குத்தான் கொடுப்பார், கால் சுளுக்கு என்றாலும் பேதிக்குத்தான் கொடுப்பார். அதற்கும் மசியாத நோய் என்றால் கையைப் பிடித்து நரம்பைக் கீறி, ஒரு கிண்ணம் ரத்தத்தை இறக்கிவிடுவார். அவர் தேசத்தில் பெரிய பெரிய பிரபுக்களுக்கெல்லாம் இதே வைத்தியம்தானாம். அந்தத் தேசத்தில் இன்னும் ஜனங்கள் மீதி இருப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

தேசம் அமெரிக்கா. பழவேற்காட்டுக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி வாங்க வந்த ஒரு கப்பலில் வைத்தியராக வந்தார். வழியெல்லாம் மாலுமிகளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். கரை தெரியும்போது பாய்மரத்தில் ஏற ஒருவனுக்கும் தெம்பு இல்லை. துரை கரையிறங்கி ஒரு புன்னை மர நிழலில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மாலுமிகள் இருந்த தெம்பையெல்லாம் திரட்டிப் பாயை விரித்துப் போய்விட்டார்கள். அவருடைய மருந்துப் பெட்டியையும் கறுப்புக் கோட்டையும் மட்டும் மணலில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்கள். "காற்று திரும்பிவிட்டது, அவர்களால் எனக்காகக் காத்திருக்க முடியவில்லை" என்று துரை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் அம்மாவிடம் இந்தச் செய்தியைச் சொன்னேன்.

"மேரிக்காவா? மாதா கோயில்ல கீதே, அந்த மேரியக்கா ஊரா?"

"இல்லம்மா. அது ஒரு தேசம். இங்கிலீஷ்காரன்கிட்ட சண்டை போட்டுத் தனியாப் போனவங்க."

"பங்காளிச் சண்டையா? அப்ப சரி" என்று அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா நான் நடை பழகும்போதே கடலோடு போய்விட்டார். அம்மா எல்லம்மா ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்து, அப்போது ஊரை ஆண்ட ஒல்லாந்தர் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தாள். அங்கே ஒல்லாந்து பாஷையும் இங்கிலீஷும் கற்றுக்கொண்டு, இடிந்த கோட்டைக்குள் மிச்சமிருந்த ஒல்லாந்தர் சர்க்கார் கச்சேரியில் துபாஷியாக, அதாவது ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவனாக, வேலைக்கு அமர்ந்தேன். படித்தவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், நிமிர்ந்து உட்காருவார்கள், யோசித்துச் செய்வார்கள் என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பேதி துரையை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின்மேல் ஏறி நின்று, ஆடுகளுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். உச்சி வெயில். கறுப்புக் கோட்டு. கை வானத்தில். நான் வாயடைத்து நின்றேன். ஆடுகளும் அப்படியே நின்றன. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அறிந்ததும் படகிலிருந்து குதித்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வைத்தியம் என் தொழில். பேச்சு என் நோய்" என்றார் இங்கிலீஷில்.

அவர் தேசத்தில் ராஜா கிடையாதாம். ஊரார் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்து சபைக்கு அனுப்புவார்களாம். துரை வைத்தியத்தை விட்டுவிட்டு அந்தச் சபைக்குப் போனவர். ஊரே திரண்டு அவரை அனுப்பி வைத்ததாம். சபைக்குப் போய்விட்டால் ஊரில் இருந்து வைத்தியம் பார்க்க மாட்டார் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை தோற்றுப்போனார். சபையில் அவர் பேச்சைக் கேட்டவர்கள் ஊர் ஊராக வந்து கையெடுத்துக் கும்பிட்டு, அவரைத் திரும்ப அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்களாம். இதையெல்லாம் அவரே சொன்னார். கொஞ்சமும் வெட்கப்படவில்லை. எனக்குத்தான் அவருக்காக வெட்கமாக இருந்தது.

தமிழை அவர் என்னிடம் கற்றிருக்கலாம். "நான் ஜனங்களிடமே கற்கிறேன்" என்று சொல்லி, மீன்பிடிக்கப் போகிற படகில் ஏறிக்கொண்டார். அங்கே அவர் காதில் விழுந்த தமிழ் முழுவதும் கத்துகிற தமிழ். இழு, தள்ளு, வுடு, அமுக்கு, தூக்கு. இந்த ஐந்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு வைத்தியம் தொடங்கினார். பெரிய மனிதர் சின்னவர் என்ற பேதம் இல்லாமல் எல்லாரையும் 'டா' போட்டார். ஒல்லாந்து அதிகாரியையே ஒருநாள் காலையில் "இன்னாடா" என்று விசாரித்தார். நல்ல வேளை, அதை மொழிபெயர்க்க வேண்டியவன் நான். "வணக்கம் சொல்கிறார்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூங்கில்போல் ஒல்லியான கோயிந்தனுக்குப் பல்வலி வந்தது. துரை ஊருக்கு வந்த புதிது ஆகையால் பயம் தெரியாமல் அவரிடம் போய்விட்டான்.

"வாயைத் தூக்குடா. நாக்கை இழு. மூச்சை வுடு. தலையை அமுக்கு."

கோயிந்தன் என்னைப் பார்த்தான். "இன்னாபா இது, என்னை வலைன்னு நெனச்சுகினாரா?"

அதற்குள் ஒரு கரண்டி வெள்ளைப் பொடி உள்ளே போய்விட்டது. அதன்பிறகு மூன்று நாள் கோயிந்தனை யாரும் ஊருக்குள் பார்க்கவில்லை. ஏரிக்கரைத் தாழம்புதர்ப் பக்கம் மட்டும் அவ்வப்போது அவன் தலை தெரிந்தது. திரும்பி வந்தபோது, "பல்லு எப்படி கீது?" என்று கேட்டேன். "பல்லா? எனக்குப் பல்லு கீதுன்றதே மறந்துபூச்சிபா" என்றான். துரை இதைத் தன் பெரிய வெற்றிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்.

போகப் போகத் துரைக்குக் குப்பத்துத் தமிழ் ஓரளவு படிந்துவிட்டது. அவருக்குப் பயப்படாத ஒரே ஆள் என் அம்மா. தினமும் காலையில் மீன் கொண்டுபோவாள். தினமும் ஒரு சண்டை நடக்கும்.

"யோவ் பேதி, இன்னைக்கு எத்தினி பேரைக் கொன்ன?"

"ஒருத்தனும் வரலடி எல்லம்மா. நீ வா. உன் மூஞ்சி செவந்துகீது. ரத்தம் ஜாஸ்தி. ஒரு கிண்ணம் எறக்குறேன்."

"என் ரத்தத்தை எறக்குறியா? உன் கோட்டை எறக்கு மொதல்ல. வெய்யில்ல வெந்து கருவாடாவுற."

"இந்தக் கோட்டு மரியாதைடி."

"மரியாதை நாறுது. கழட்டிக் குடு, தொவச்சித் தரேன்."

அம்மாவை 'டி' போட்டு ஒரு அந்நிய ஆண்பிள்ளை கூப்பிடுகிறாரே என்று நான் பதறிப்போய், அது மரியாதைக்குறைவு என்று அவருக்கு இங்கிலீஷில் விளக்கினேன். அவர் அதைவிடப் பதறிப்போய் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். "இன்னாடா சொல்லிக் குடுத்த இந்தாளுக்கு? ஒழுங்காதானே சண்டை போட்டுகினு இருந்தான்" என்று அம்மா என்னைத்தான் திட்டினாள். மறுநாள் இருவரும் பழையபடி தொடங்கிவிட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில்தான் இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்தன.

முதலாவது, எங்கள் குப்பத்து நாட்டார் காலமானார். ஊர்த் தலைவரை நாங்கள் நாட்டார் என்போம். அவருக்குப் பிள்ளை இல்லை. பெரிய வலைக்காரன் முனுசாமி, "நான்தான் அடுத்தது" என்றான். கோயிந்தன், "செத்தவரு எனக்கு மாமன், நான்தான்" என்றான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. இதில் வம்பு என்னவென்றால், ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைப்பதைப் பாடு என்போம். பாடு போட நாட்டார் வேண்டும். நாட்டார் இல்லாததால் பாடு இல்லை. பாடு இல்லாததால் வலைகள் எல்லாம் கரையில் காய்ந்தன.

இரண்டாவது, ஒல்லாந்தர் பழவேற்காட்டை இங்கிலீஷ் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. வாடைக்காற்று பலப்படுவதற்கு முன் ஒரு கப்பல் வரும். கோட்டையைச் சேர்ந்த வெள்ளைக்காரர் அத்தனை பேரும் அதில் ஏறி ஜாவாத் தீவிலுள்ள பத்தாவியாவுக்குப் போக வேண்டும். துரையையும் கூப்பிட்டுச் சொன்னார் அதிகாரி. "இந்த ஊர்க்காரன் என்று ஊரார் உன்னை ஏற்றுக்கொண்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் கப்பல் ஏறு."

அன்று துரை ஆடுகளிடம்கூடப் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார். "தம்பி, பத்தாவியாவில் காய்ச்சல் அதிகம். அங்கே நான் படுத்தால் எனக்கு வைத்தியம் பார்க்க என்னைப் போன்ற வைத்தியர்கள்தான் இருக்கிறார்கள்."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"என் தேசத்துக்கும் போக முடியாது. என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைத் தவிர அங்கே எனக்கு யாரும் இல்லை. இங்கேயும் சிரிக்கிறார்கள். ஆனால் சிரித்துவிட்டு மீன் கொடுக்கிறார்கள்."

ராத்திரி தூங்கினாரோ இல்லையோ, மறுநாள் காலை புது மனிதராக எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அவர் யோசனை இதுதான்: முனுசாமியும் வேண்டாம், கோயிந்தனும் வேண்டாம். அவர் தேசத்து வழக்கப்படி ஊரார் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். துரையே அதற்கு நிற்பார். ஜெயித்தால் பாடும் போட்டாகிவிடும், வலையும் இறங்கிவிடும், ஊருக்கே நாட்டாரான ஒருவரை யார் கப்பலில் ஏற்ற முடியும்?

நான் மலைத்துப்போனேன். ஆனால் ஒரு மனிதர் இருக்கிற ஊரைவிட்டுத் துரத்தப்படாமல் இருக்கக் கேட்கிறார். முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பாஷையில் அதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க உட்கார்ந்தோம். அம்மா பக்கத்தில் நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

பலரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முதலில் 'பொறுக்குதல்' என்று வைத்தேன். அப்படியானால் அதற்கு நிற்கிறவரை என்னவென்று சொல்வது என்று துரை கேட்டார். யோசித்துப் பார்த்தேன். 'ஊர்ப் பொறுக்கி' என்று வந்தது. அம்மா நண்டைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அதை விட்டுவிட்டோம். அடுத்தது, ஊரார் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய ஆளுக்குக் கொடுக்கிற சம்மதம். அதற்கு மட்டும் எனக்கு அருமையான சொல் கிடைத்தது. வாக்கு. "வாக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள், துரை. அதைவிடக் கௌரவமான வார்த்தை தமிழில் இல்லை" என்றேன்.

"நீயும் கூட வருவாயா?"

"கச்சேரியில் ஒப்படைப்புக் காகிதங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போங்கள். அதுதான் எங்கள் மரியாதை."

"துபாஷி இல்லாமல் போவதே நல்லது. எங்கள் தேசத்தில் நிற்கிறவனே நேரில் போய்க் கேட்க வேண்டும்" என்று அவர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

வாசகர்கள் இந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அன்று உறைக்கவில்லை. கறுப்புக் கோட்டு, சீவிய தலை, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. கல்யாண வயதில் பெண் இருக்கிற வீடுகளில் இந்தக் கோலத்தில் நுழைந்து, பெண்ணைப் பெற்றவனைப் பார்த்து, "உன் வாக்கை எனக்குக் குடுடா" என்று ஒரு ஆண்பிள்ளை கேட்டால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பெண்ணைக் கொடுப்பதாக நிச்சயம் செய்வதற்கு நாங்கள் வாக்குக் கொடுப்பது என்றுதான் சொல்வோம்.

மறுநாள் சாயங்காலம் கச்சேரியிலிருந்து திரும்பினேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஊரே அம்மன் கோயில் மணலில் கூடியிருந்தது. நடுவில் துரை கைகட்டி, முகமெல்லாம் மலர்ந்து நின்றார். இவ்வளவு பெரிய கூட்டம் தனக்காகவே கூடியிருக்கிறது என்ற சந்தோஷம் அவருக்கு. இதில் எனக்கு விளங்காத விஷயம், பேச்சுவார்த்தை இல்லாத முனுசாமியும் கோயிந்தனும் தோளோடு தோள் ஒட்டி நின்றதுதான்.

முனுசாமி விசாரணையை ஆரம்பித்தான்.

"துரை, நேத்து என் வூட்டுக்கு வந்தியா?"

"வந்தேன்டா."

"வெத்தல பாக்கு எடுத்துகினு வந்தியா?"

"எடுத்துகினுதான் வந்தேன். இன்னா, பத்தலயா?"

"என்கிட்ட வாக்கு கேட்டியா?"

"கேட்டேன். நீ குடுக்கல. உன் பொண்டாட்டி கதவைத் தள்ளிச் சாத்திட்டா. பரவால்லடா, நாளைக்கு மறுபடி வரேன்."

கூட்டம் "ஆ" என்றது. முனுசாமியின் மகள், "நைனா, எனக்கு வேணாம் நைனா!" என்று அவன் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கோயிந்தன் முன்னால் வந்தான். "அப்புறம் என் வூட்டுக்கும் வந்தல்ல?"

"எல்லா வூட்டுக்கும் போனேன். எனக்கு எல்லா வாக்கும் வேணும். ஒரு வூடு வுட மாட்டேன். நாளைக்கு பசியாவரம் போறேன்."

பசியாவரத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"அடப் பேமானி! எல்லாத்தையும் வாங்கி வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"நல்லது பண்ணுவேன்டா! மூணு வருசம் பண்ணுவேன். அப்புறம் என்னைப் புடிக்கலன்னா வேற ஆளுக்குக் குடுங்க. எங்க ஊர்ல அதான் வழக்கம்!"

பெண்கள் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். பல் முழுவதும் கொட்டிப்போன முத்தாயி எழுந்து, "என்கிட்டயும் கேட்டான்பா இந்தாளு! என்கிட்ட! என் வூட்டுக்காரன் செத்து எத்தினி காலமாவுது!" என்று புலம்பினாள்.

"எங்க ஊர் பக்கம் ஒத்தையா கீற பொம்பளைங்களும் கொஞ்ச காலம் வாக்கு குடுத்தாங்க" என்று துரை அவளைக் கனிவாகப் பார்த்துச் சொன்னார். "ரொம்ப ஒசத்தியான வாக்கு. பல்லெல்லாம் பாக்க மாட்டோம்."

"அய்யோ!"

"வெளிய சொல்ல வெக்கமா இருந்தா ரகசியமா குடுங்கடா. ஒரு பெட்டி வெக்கிறேன். வந்து பெட்டில போட்டுட்டுப் போங்க. யாரு போட்டதுன்னு நான் கேக்கவே மாட்டேன்."

"பொண்ணைப் பெட்டில போடணுமாமே!" என்று ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று சொன்னால் துரை வந்துவிடுவாரே என்று உடனே எழுந்தும் விட்டார்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி நடுவில் நின்றேன். அவர் கேட்டது பெண் இல்லை, நாட்டார் பதவிக்குச் சம்மதம் என்று கத்தினேன்.

"அப்ப வாக்குன்னு அந்தாளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்றான் முனுசாமி.

"நான்தான்."

"வெத்தல பாக்கு?"

"அதுவும் நான்தான்."

"இதுக்குத்தான் பள்ளிக்கூடம் போனியா? எங்க கூட படகுல வந்திருந்தா ஒரு பொண்ணைக் கேக்கற வார்த்தையாவது தெரிஞ்சிருக்கும்!"

கூட்டம் சிரித்தது. பிறகு நான் துரையின் பக்கம் திரும்பி, அவர் இரண்டு நாளாக ஊர் முழுக்க என்ன கேட்டு வந்தார் என்பதை இங்கிலீஷில் சொன்னேன். எதற்கும் அசையாத அந்த மனிதரின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். முனுசாமியின் மகளைப் பார்த்தார். பல் போன முத்தாயியைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். கப்பல் வந்ததும் ஏறிவிடுகிறேன் என்று சொல்" என்றார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

"யோவ் பேதி, குந்து."

பெண்கள் பக்கத்திலிருந்து என் அம்மா வந்துகொண்டிருந்தாள்.

"என் வூட்டாண்டயும் வந்து கேட்டியே, நான் இன்னா சொன்னேன்?"

துரை தலை தூக்கவில்லை. "'சரி, எடுத்துக்கோ'ன்னு சொன்ன."

ஊருக்கே மூச்சு நின்றது. எனக்கு ஏற்கெனவே நின்றிருந்த மூச்சு இன்னொரு முறை நின்றது.

"எல்லம்மா, அந்தாளு கேட்டது நாட்டார் வேலைக்கும்மா" என்றான் முனுசாமி, இப்போது இரங்கின குரலில். "உன் புள்ளதான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டான். நீ குடுத்தது செல்லாது."

"அவன் இன்னாத்துக்குக் கேட்டான்னு எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "என் புள்ள சொல்லிக் குடுக்கசொல்ல பக்கத்துல குந்திகினு கேட்டுகினுதானே இருந்தேன். நீங்க இன்னான்னு நெனச்சீங்கன்னும் தெரியும். ரெண்டுத்துக்கும் சேத்துத்தான் குடுத்தேன்."

எங்கள் சனத்தில் அறுத்துக் கட்டுவது புதிதல்ல. புருஷன் போனவள் மறுபடி ஒருவனோடு வாழலாம். ஆனால் அவளே எழுந்து நின்று ஊர் நடுவில் சொல்வது புதிது. முத்தாயிதான் கேட்டாள். "இந்தாளாடி? ஏன்டி?"

"என் வூட்டுக்காரன் போனதுலேர்ந்து இந்த ஊர்ல என்கூட சண்டை போட ஒருத்தர் கெடையாது. 'பாவம், அறுத்தவ'ன்னு ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க. நான் சண்டைக்கு வந்தாக்கூட 'சரி வுடும்மா'ன்னு போறீங்க. இந்தாளு ஒருத்தன்தான் தெனம் வந்து மல்லுக்கு நிக்கிறான். இவனையும் கப்பல்ல ஏத்திட்டா நான் யாராண்ட போவேன்?" துரையைப் பார்த்தாள். "குடுத்ததை வாங்கிக்க இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லு. மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டேன். டேய், இந்தாளுக்குப் பாதிதான் புரிஞ்சிகீது. சொல்லுடா."

சொன்னேன். பெற்ற தாயின் கல்யாணப் பேச்சை இங்கிலீஷில் மொழிபெயர்த்த பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு வார்த்தை விடவில்லை.

துரை முழுவதையும் கேட்டார். நீண்ட பிரசங்கம் ஒன்று வரப்போகிறது என்று ஊரார் மணலில் வசதியாக உட்கார ஆரம்பித்தார்கள். வரவில்லை. அவர் என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வீட்டில் நீயும் ஒரு ஆள். உன் வாக்கு?"

'வாக்கு' என்பதை மட்டும் தமிழில் சொன்னார்; எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கொடுத்தேன்.

நாட்டார் விவகாரம் அங்கேயே தீர்ந்துவிட்டது. ஒரே எதிரிக்காக ஒன்று சேர்ந்து நின்ற முனுசாமிக்கும் கோயிந்தனுக்கும் மறுபடி விலகி நிற்கக் கூச்சமாகிவிட்டது. நாட்டார் வேலையையும் ஏரியைப்போலவே பாடு போட்டு, ஒரு வருஷம் இவன், ஒரு வருஷம் அவன் என்று வைத்துக்கொண்டார்கள். "உங்கள் தேசத்தைவிட இது சுலபமாக இருக்கிறதே" என்று துரையிடம் சொன்னேன். "யாரும் பேசவே இல்லையே. இதெல்லாம் ஒரு அரசியலா?" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மருந்துப் பெட்டியை முகத்துவாரத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கொட்டினார். அதன்பிறகு ஒரு வாரம் அந்தப் பக்கம் யாரும் மீன் பிடிக்கவில்லை.

கப்பல் வந்தது. கோட்டை வெள்ளைக்காரர்கள் ஏறினார்கள். துரை கரையில் நின்று, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். அவர்கள் வழக்கத்தைவிட வேகமாக ஏறினார்கள்.

அதற்குப் பிறகு இங்கிலீஷ் கும்பினி அதிகாரி ஒருவர் ஊரை ஒப்புக்கொள்ள வந்தார். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே முழங்காலுக்கு மேல் கைலியை மடித்துக் கட்டிய ஒரு வெள்ளைக்காரர், நண்டை எப்படி உடைப்பது என்பது பற்றி ஒரு மீன்காரியோடு உச்சக்குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். "யார் இந்த ஆள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அமெரிக்கர் என்று சொல்லியிருக்கலாம். வைத்தியர் என்றோ, சபையில் இருந்தவர் என்றோ சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் எனக்கு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். வாயில் வந்தது தமிழ்தான். "எங்க நைனா" என்றேன்.

அதிகாரி அதை அவருடைய பெயர் என்று நினைத்து, 'மிஸ்டர் நைனா' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பின்னால் ஓடித் திருத்தியிருக்கலாம். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று விட்டுவிட்டேன்.